தெரு சேர்ந்து மூடையாக வாங்குவது எப்படி: வாட்ஸ்அப் குழு தொடங்குபவர்களுக்கு, குமரி மாவட்டக் கணக்கோடு

தெருவில் உள்ள பத்து இருபது வீட்டார் வாட்ஸ்அப்பில் கணக்கெடுத்து, அரிசி, தேங்காய் எண்ணெய், சீனி, பருப்பு போன்றவற்றை மொத்தக்கடையில் ஒரே ஆர்டராக வாங்குவதற்கான வழிமுறை இது. ‘நண்பர்களைச் சேர்த்தால் விலை குறையும்’ என்று ஆன்லைனில் வரும் ஆஃபர்களைப் பற்றியும் தனியே சொல்லியிருக்கிறது. முதல்முறை இறங்குகிறவர்கள் பெரும்பாலும் மூன்று இடங்களில் கை சுட்டுக்கொள்கிறார்கள். வண்டி வாடகையைச் சேர்க்காமல் விலை பேசுவார்கள். பணம் கைக்கு வருமுன் ஆர்டர் கொடுப்பார்கள். மூடையைப் பிரிக்கும்போது குறையும் எடையை மறந்துவிடுவார்கள். இந்த மூன்றிலும் கவனமாக இருந்தால் மற்றவை பழகப் பழக வந்துவிடும்.

1. முதலில் பொருளை முடிவு செய்யுங்கள்

ஆட்களைச் சேர்த்துவிட்டு ‘என்ன வாங்கலாம்?’ என்று கேட்டால் நாற்பது பொருள் வரும், ஒன்றுகூட மூடை அளவுக்குத் தேறாது. முதல் ஆர்டருக்கு ஒரே ஒரு பொருள் போதும். பிரிக்காமல் வீட்டுக்கொரு மூடையாகக் கொடுக்கக்கூடிய அரிசிதான் அதற்கு ஏற்றது.

அரிசியில் 26 கிலோ மூடை கேளுங்கள். பொதிந்து, விவரம் அச்சிட்டு வரும் அரிசி, பருப்பு, மாவுக்கு 25 கிலோ வரையான பொதியென்றால் 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 2022 ஜூலை 18 முதல் இதுதான் நடைமுறை. 25 கிலோவைத் தாண்டிய ஒற்றைப் பொதிக்கு அந்த வரி இல்லை. ஆலைகள் 26 கிலோ போடுவதற்குக் காரணம் இதுவே. 1,400 ரூபாய் மூடைக்கு 5 சதவீதம் என்றால் 70 ரூபாய். நீங்கள் கூட்டாக வாங்கி மிச்சப்படுத்தப் போவதே ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். சீனிக்கும் சமையல் எண்ணெய்க்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. எத்தனை கிலோ வாங்கினாலும் அவற்றுக்கு வரி உண்டு.

புது அரிசியா, பழைய அரிசியா என்றும் கேளுங்கள். இங்கே நெல்லில் முதல் போகமான கன்னிப்பூ அறுவடை ஆவணி, புரட்டாசி வாக்கிலும் இரண்டாம் போகமான கும்பப்பூ அறுவடை தை, மாசி வாக்கிலும் வரும். அந்த மாதங்களில் புது நெல் அரிசி விலை குறைவாகக் கிடைக்கும். ஆனால் புது அரிசி குழையும், பழைய அரிசியைப் போல் சோறு காணாது. விலையை மட்டும் பார்த்து இருபது மூடை இறக்கினால், அடுத்த நாள் காலையிலேயே குழுவில் புகார் வரத் தொடங்கும். ஆர்டருக்கு முன் இரண்டு கிலோ மாதிரி வாங்கி நாலு வீட்டில் பொங்கிப் பார்ப்பது கட்டாயம்.

மீன், ஏத்தன்பழம், காய்கறி மூன்றையும் ஆரம்பத்தில் தொடாதீர்கள். ஒரு வீட்டார் வாங்க வரத் தாமதித்தாலும் சரக்கு கெட்டு, நஷ்டம் ஒருங்கிணைப்பவர் தலையில் விழும்.

2. வீடு வந்து சேரும் விலையைப் போடுங்கள்

மொத்தக்கடைக்காரர் சொல்லும் விலை அவருடைய கடை வாசல் விலை. அதோடு ஏற்றுக்கூலி, வண்டி வாடகை, இறக்குக்கூலி சேர்ந்தால்தான் உங்கள் விலை. கீழே உள்ளவை கணக்குக்காகப் போட்ட தொகைகள். உங்கள் ஊர்த் தொகையை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தெருவிலுள்ள பலசரக்குக் கடையில் மூடை 1,560 ரூபாய். மொத்தக்கடையில் 1,400. டெம்போ வாடகை 1,200. ஏற்ற 10, இறக்க 10 என மூடைக்குக் கூலி 20 ரூபாய்.

20 மூடை எடுத்தால் சரக்கு 28,000, வாடகை 1,200, கூலி 400. மொத்தம் 29,600. மூடை 1,480 ஆகிறது. வீட்டுக்கு 80 ரூபாய் மிச்சம்.

12 மூடை என்றால் 18,240. மூடை 1,520. மிச்சம் 40.

8 மூடை என்றால் 12,560. மூடை 1,570. தெருக் கடையைவிட 10 ரூபாய் கூடுதல்!

இந்தக் கணக்கில் ஒன்பது மூடைக்குக் கீழே போனால் நஷ்டம். ஒவ்வொரு ஆர்டருக்கும் இந்த எல்லையை முதலில் கண்டுபிடித்துக் குழுவில் போட்டுவிடுங்கள். ‘ஒன்பது மூடை சேராவிட்டால் இந்த வாரம் ஆர்டர் இல்லை, பணம் திரும்ப வரும்’ என்று எழுதியே சொல்லிவிட வேண்டும். குழுவில் இருநூறு பேர் இருப்பதைக் கேட்டுக் கடைக்காரர் விலை குறைக்க மாட்டார். வண்டி நிறையும் அளவுக்குச் சரக்கும், கையில் ரொக்கமும் இருந்தால் குறைப்பார்.

விலை கேட்கும்போது இப்படிக் கேளுங்கள்: “அண்ணாச்சி, 26 கிலோ மூடை இருபது வேணும். ரொக்கம். வண்டியில ஏத்தி என்ன ரேட்? பில் உண்டுமா?” ‘ஏற்றி’ என்ற சொல்லை விட்டுவிட்டால் ஏற்றுக்கூலி பிறகு தனியாக வரும். நாகர்கோவில் கோட்டாறு மொத்தக்கடைகளில் குறைந்தது மூன்று இடத்தில் ஒரே நாளில் கேட்டு, தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். கடனுக்கு வாங்குகிறவருக்கான விலையும் ரொக்க விலையும் வேறு வேறு.

3. எண்ணெயில் லிட்டரும் கிலோவும்

இதில் ஏமாறாதவர்கள் குறைவு, அதனால் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தேங்காய் எண்ணெய் ஒரு லிட்டர் ஏறக்குறைய 915 கிராம். மில்லில் கிலோ விலை சொல்வார்கள், பாக்கெட்டில் லிட்டர் விலை இருக்கும். கிலோ 420 ரூபாய், லிட்டர் 400 ரூபாய் என்று இரண்டு விலை வந்தால் பார்த்தவுடன் 400 மலிவாகத் தெரியும். 420-ஐ 0.915-ஆல் பெருக்குங்கள். லிட்டருக்கு 384 ரூபாய் வருகிறது. மில் விலைதான் குறைவு. டின்னிலும் இதே சிக்கல் உண்டு. 15 கிலோ டின் வேறு, 15 லிட்டர் டின் வேறு. பின்னதில் இருப்பது ஏறக்குறைய 13.7 கிலோதான். டின் மேல் அச்சிட்ட நிகர அளவைப் படம் எடுத்துக் குழுவில் போட்ட பிறகே விலையை ஒப்பிடுங்கள்.

2025-ல் தேங்காய் எண்ணெய் விலை கடுமையாக ஏறியபோது, கலப்படமும் அதன் பின்னாலேயே வந்தது. ஃப்ரிட்ஜில் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் சோதனை பாதிதான் உதவும். கடலை எண்ணெய் கலந்திருந்தால் உறையாமல் தனியே நிற்கக்கூடும். பனங்கொட்டை எண்ணெய் கலந்திருந்தால் அதுவும் சேர்ந்து உறைந்துவிடும், சோதனையில் பிடிபடாது. சந்தை விலையைவிட மிகக் குறைத்து ஒருவர் தந்தால், அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். கொப்பரையை நீங்களே வாங்கி, ஆட்டுக்கூலி கொடுத்து எடுப்பது இன்னும் நம்பகமான வழி. பத்து வீடு சேர்ந்தால் அது கட்டுப்படியாகும்.

4. போனில் சுற்றும் விலையைச் சரிபாருங்கள்

‘நாளை முதல் சீனி கிடைக்காது’, ‘இன்று மட்டும் இந்த விலை’ என்று ஒரு படம் ஐந்து குழுக்களில் ஓடினால், மறுநாள் காலையில் ஆளுக்கு ஐந்து கிலோ கூடுதலாக வாங்குவார்கள். கடையில் இருப்பு தீரும், விலையும் உண்மையிலேயே ஏறும். செய்தி பொய்யாக இருந்தாலும் விலையேற்றம் நிஜமாகிவிடும். நீங்கள் ஒருங்கிணைப்பவராக இருந்தால், தேதியும் கடையும் இல்லாத விலைப் படத்தைக் குழுவில் விடாதீர்கள். இதை முதல் விதியாகவே வையுங்கள்.

சரிபார்க்க மூன்று இடங்கள் உண்டு. காய்கறிக்கு நாகர்கோவில் வடசேரி உழவர் சந்தையில் அன்றைய விலைப்பலகை. மொத்த விலைக்கு ஒன்றிய அரசின் அக்மார்க்நெட் தளம். பாக்கெட் சாமானுக்கு அதன் மேல் அச்சிட்டிருக்கும் அலகு விலை, அதாவது ஒரு கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்ற வரி. ‘பெரிய பாக்கெட் மலிவு’ என்பது எப்போதும் உண்மை இல்லை என்பதை அந்த வரி காட்டிக்கொடுக்கும்.

உங்கள் குழு வாங்கிய விலையை ஊர் முழுக்கப் பரப்பவும் வேண்டாம். 20 மூடை ரொக்கத்துக்குக் கொடுத்த விலையை ஒருவர் காட்டி ஒற்றை மூடைக்குக் கேட்டால் கடைக்காரர் சங்கடப்படுவார். அடுத்த முறை உங்களுக்கும் அந்த விலை கிடைக்காது.

5. விற்பவர் யார் என்று பாருங்கள்

பில்லில் இருக்கும் ஜிஎஸ்டி எண், எண்ணும் எழுத்தும் கலந்து 15 இடம் கொண்டது. முதல் இரண்டு இலக்கம் மாநிலம். தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32. ஜிஎஸ்டி தளத்தில் உள்நுழையாமலே ‘வரி செலுத்துவோரைத் தேடு’ பகுதியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமையாளர் பெயர், கடைப் பெயர், பதிவு நடப்பில் உள்ளதா என்பது தெரியும். உணவுப் பொருள் பாக்கெட்டில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும்.

‘ஆலை அரிசி, கிலோ இருபது ரூபாய்’ என்று யாராவது குழுவில் கொண்டுவந்தால் உடனே விலகுங்கள். ரேஷன் அரிசியைப் பாலீஷ் போட்டு விற்பதும், களியக்காவிளை வழியாகக் கடத்துவதும் இங்கே அடிக்கடி பிடிபடுகிறது. அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தில் அது குற்றம். தெரியாமல் வாங்கினோம் என்று சொல்லித் தப்புவது கடினம்.

6. பணத்தைக் கையாளுதல்

குழுவுக்கென்று தனிச் சேமிப்புக் கணக்கு வையுங்கள். ஆதார், பான், புகைப்படம் போதும். குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத கணக்காகப் பார்த்துத் திறந்தால் செலவே இல்லை. சொந்தக் கணக்கில் எல்லாரின் பணமும் வந்து போனால், மூன்றாம் மாதத்தில் எது யாருடையது என்று உங்களுக்கே தெரியாது.

ஒரு வாரச் சுற்று இப்படி ஓடினால் நன்றாக இருக்கும். திங்கள் காலை விலையும் குறைந்தபட்ச மூடை எண்ணிக்கையும் போட்டு, வாட்ஸ்அப் வாக்கெடுப்பு. புதன் இரவு ஒன்பது மணிக்கு முடித்துவிட வேண்டும். வியாழன் மாலைக்குள் முழுப் பணம். வெள்ளி கடைக்கு முன்பணமும் ஆர்டரும். சனி சரக்கு இறக்கம், அன்றே விநியோகம். வாக்கெடுப்பில் ‘வேண்டும்’ என்று தட்டியதை ஆர்டராக எடுக்காதீர்கள். பணம் வந்ததுதான் ஆர்டர். ‘அக்கா, எனக்கும் ஒண்ணு சேத்துப் போடுங்க, சம்பளம் வந்ததும் தாறேன்’ என்று கேட்பவரை மறுப்பது கஷ்டம்தான். ஆனால் பக்கத்து வீட்டு உறவு கெடுவது பெரும்பாலும் இந்த ஒரு மூடையில்தான். கடைக்கு முன்பணம் கால்பங்குக்கு மேல் வேண்டாம். மீதியை எடை பார்த்து ஏற்றியபின் கொடுங்கள்.

யுபிஐ-யில் பொதுவாக ஒரு நாளைக்கு ஒரு லட்சம் ரூபாய் வரம்பு. இருபது வீட்டுக்கு அது தாராளம். பணம் பெறுவதற்கு யாரும் பின் போடவோ கியூஆர் ஸ்கேன் செய்யவோ தேவையில்லை. ‘ரீஃபண்ட் அனுப்பியிருக்கிறேன், பின் போட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்றால் அது உங்கள் பணத்தை எடுக்கும் வேலை. தனிநபர்களுக்கு இடையே பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துப் பணம் வந்ததாகக் குறிக்காதீர்கள், வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. மாதாமாதம் பணம் வாங்கித் தீபாவளிக்குச் சாமான் தருவதாகக் குழுவை மாற்றாதீர்கள். அது சீட்டு நடத்துவதாகிவிடும். அனுமதியில்லாமல் வைப்புத்தொகை திரட்டுவதை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அந்தந்த ஆர்டருக்கு அந்தந்தப் பணம், முடிந்தால் மீதியைத் திருப்பித் தருவது என்பதோடு நிறுத்துங்கள்.

7. இறக்குவதும் பிரிப்பதும்

கடையிலேயே எட்டு மூடைக்கு ஒன்று வீதம் எடை போட்டுப் பாருங்கள். சணல் சாக்கு மட்டுமே அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். சாக்கோடு 50 கிலோ என்றால் சரக்கு 50 கிலோ இல்லை. நிகர எடையா என்று கேட்டுப் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

சீனி, சிறுபயறு, உளுந்து போன்றவற்றை மூடை உடைத்துப் பிரித்தால் சிந்துவது, தூசி, கையெடை எல்லாம் சேர்ந்து கொஞ்சம் குறையும். 50 கிலோ மூடையை 49.5 கிலோவாகக் கணக்கிட்டுக் கிலோ விலை வையுங்கள். பத்து வீட்டுக்கு ஐந்து கிலோ என்று துல்லியமாகப் பங்கிட்டால் கடைசி வீட்டுக்கு நாலரைதான் நிற்கும், அது பெரும்பாலும் ஒருங்கிணைப்பவர் வீடாக இருக்கும். பாலித்தீன் கவர் வாங்காமல் அவரவர் தூக்குவாளியோ சாக்கோ கொண்டுவரச் சொல்லுங்கள்.

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நமக்கு உண்டு. ஜூன் தொடங்கி நவம்பர் வரை காற்றில் ஈரம் குறையாது. அந்த மாதங்களில் ஒரு மாதத் தேவைக்குமேல் பருப்பு வாங்கினால் வண்டு வைக்கும், கொத்துமல்லியும் வத்தலும் பூஞ்சை பிடிக்கும். ஆண்டுக்குச் சேர்த்து வாங்கும் வத்தல், புளி, நல்லமிளகு எல்லாவற்றையும் மாசி, பங்குனியில் வாங்கி நல்ல வெயிலில் காய வைத்து எடுத்து வையுங்கள்.

8. நாள் பார்த்து வாங்குங்கள்

ஓணத்துக்கு முந்தைய வாரம் ஏத்தன்காய், காய்கறி, தோவாளைப் பூ எதுவும் கூட்டாக வாங்காதீர்கள். கேரளத்துக்குச் சரக்கு போகும் அந்த நாட்களில் எத்தனை வீடு சேர்ந்தாலும் விலை பேச இடமில்லை. எண்ணெய், சீனி, பயறு வேண்டுமென்றால் மூன்று வாரம் முன்னாலேயே முடித்துவிடுங்கள். கிறிஸ்துமஸ் வாரத்துக்கும் இதே போல. கருவாடு வாங்கும் குழுக்கள் மீன்பிடித் தடைக்காலத்தைக் கணக்கில் வைக்க வேண்டும். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல் பக்கமுள்ள மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மார்ச் மாதமே வாங்கி வைப்பது லாபம்.

9. ஆன்லைன் கூட்டு ஆஃபர்கள்

‘இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் பாதி விலை’ என்று செயலியிலோ இன்ஸ்டாகிராமிலோ வந்தால் வரிசையாக இவற்றைப் பாருங்கள். அடித்துக் காட்டும் பழைய விலை உண்மையா என்று அதே மாடலை வேறு இரண்டு தளங்களில் தேடுங்கள். டெலிவரி, ‘கையாளும் கட்டணம்’ எல்லாம் கடைசித் திரையில்தான் ஏறும், அதுவரை போய்ப் பார்த்துவிட்டுப் பணம் கட்டாமல் வெளியே வாருங்கள். ஓடும் கடிகாரம் முடிந்தபின் மறுபடி திறந்தால் கடிகாரம் புதிதாக ஓடுகிறதா? அப்படியென்றால் அவசரம் பொய். போலி அவசரம், சொல்லாமல் கூடையில் பொருள் சேர்ப்பது, கடைசியில் கட்டணம் ஏற்றுவது உட்பட 13 வகைத் தந்திரங்களை ஒன்றிய அரசின் 2023 வழிகாட்டுதல்கள் தடை செய்திருக்கின்றன. புகாரில் அந்தத் தந்திரத்தின் பெயரைக் குறிப்பிடலாம்.

முகவரியும் புகார் அலுவலர் பெயரும் இல்லாத பக்கத்தில் முன்பணம் கட்டாதீர்கள். தள்ளுபடிக்கு என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலை (போனில் செயலியை நிறுவும் ஃபைல்) எக்காரணம் கொண்டும் நிறுவாதீர்கள், வங்கி எஸ்எம்எஸ்கள் அதன் வழியாகப் போய்விடும். ஆஃபரைப் பகிர்ந்தால் தனக்குக் கமிஷன் வரும் என்று சொல்லாமல் பகிரும் உறுப்பினரையும் குழுவில் கண்டித்து வையுங்கள். பார்சலை உறை கிழிக்கும் முன்பிருந்தே, இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுத்துப் பிரியுங்கள். லேபிள் தெரிய வேண்டும்.

10. காகிதங்கள் எப்போது தேவை

அடக்க விலைக்கே பங்கிட்டுக்கொண்டால் பில், பணம் வந்த பட்டியல், செலவுக் கணக்கு மூன்றையும் பத்திரமாக வைத்தால் போதும். கிலோவுக்கு ஒரு ரூபாய் லாபம் வைக்கத் தொடங்கினாலும் அது வியாபாரம். அப்போது உணவுப் பாதுகாப்பு அடிப்படைப் பதிவு வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் தளத்தில் அடையாளச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படத்தோடு நீங்களே விண்ணப்பிக்கலாம், ஆண்டுக்கு 100 ரூபாய். இடைத்தரகருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள். தராசுக்கும் எடை முத்திரை வேண்டும்.

சரக்கு விற்பனைக்கு ஜிஎஸ்டி பதிவு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினால்தான் கட்டாயம். ஆனால் கேரளத்துப் பாறசாலையில் இருக்கும் உறவினருக்கும் லாபம் வைத்து அனுப்பினால், வரிக்குட்பட்ட பொருள் என்றால், அது மாநிலம் கடந்த விற்பனை. அதற்கு இந்த வரம்பு இல்லை, முதல் விற்பனையிலிருந்தே பதிவு தேவை. வரிக்குட்பட்ட சரக்கின் மதிப்பு தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்தையும், மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாயையும் கடந்தால் இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) எடுத்துத்தான் வண்டி கிளம்ப வேண்டும். விற்கும் கடையையே எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

11. பணம் போய்விட்டால்

மோசடி என்றால் அந்த நிமிடமே 1930-க்கு அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் வேறு கணக்குகளுக்கு மாறிப்போகும். பரிவர்த்தனை எண், நேரம், தொகை மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பிறகு சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பதிவு செய்து, உங்கள் வங்கிக் கிளைக்கும் எழுதிக் கொடுங்கள்.

பொருளில் குறை, எடைக்குறைவு, அதிகபட்ச விலைக்குமேல் வாங்கியது என்றால் முதலில் விற்றவருக்கு எழுத்தில் புகார். ஆன்லைன் தளமென்றால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதிலும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். குழுவாக வாங்கியிருந்தாலும் பில் யார் பெயரில் இருக்கிறதோ அவர் மனு போடுவதுதான் எளிது. ஆகவே முதல் ஆர்டரிலேயே பில்லை யார் பெயரில் போடுவது என்று பேசி முடிவு செய்துவிட்டு, அவருடைய முழுப்பெயரைக் கடைக்காரரிடம் எழுதிக் கொடுங்கள்.